கோல் பிடித்தவரும் குழல் ஊதியவரும்

1930களில் இலண்டனிலே வெளிவந்த பத்தங்குல இசைத்தட்டு ஒன்றின் நடுவில் ஒட்டப்பட்ட வட்டத் தாளில் அச்சிடப்பட்டிருந்தவை மிகச் சிலவே. பாட்டின் பெயர், அஃது எவ்வகை நடனத்துக்கு உரியது என்ற குறிப்பு, வாத்தியக்குழுத் தலைவரின் பெயர், இவற்றின் கீழே சிறிய எழுத்தில் ‘பாடற் பகுதியுடன்’ என்றொரு வரி. பாடியவர் யார் என்பது பல தட்டுகளில் இல்லை. ஊதியவர் யார், மீட்டியவர் யார், முழக்கியவர் யார் என்பது அரிதினும் அரிது. மூன்று நிமிடமே ஓடும் அத்தட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு பேரின் மூச்சும் விரலும் அடங்கியிருந்தன. பெயர் ஒன்றுதான் இருந்தது. அப்பெயருக்கு உரியவரோ, பல வேளைகளில், அத்தட்டிலே ஒரு சுரத்தையேனும் வாசித்திராதவர்.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிரித்தானியாவின் நடன மண்டபங்களையும் வானொலியையும் ஆண்ட வாத்தியக்குழுத் தலைவர்களைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் இவ்வட்டத் தாளிலிருந்து தொடங்குவதே பொருத்தமுடையது. ஒருவருடைய உழைப்பு இன்னொருவருடைய பெயரில் வழங்குவது உலகில் புதிதன்று. ஆயின், அது நியாயமா என்ற வினாவுக்கு இத்தலைவர்களின் வரலாறு எளிய விடை எதனையும் தருவதில்லை. கூத்து மேடையில் அண்ணாவியார் ஆடுவதில்லை. எனினும் அவரில்லாமல் ஆட்டம் இல்லை. இலண்டன் ஹோட்டல்களின் மேடையிலே வெண்கழுத்துப் பட்டியும் நீள்வால் அங்கியும் அணிந்து, சபையோரை நோக்கிப் புன்னகைத்து, கையிலே சிறு கோலுடன் நின்ற மனிதரும் அத்தகையவர்தாமா, அன்றி வெறும் அலங்காரமா என்பதை ஆளுக்காள் வேறாகவே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

இக்கதையின் தொடக்கத்தில் ஓர் அயல்வீட்டுத் தற்செயல் உண்டு. 1922இல் நிறுவப்பட்ட பி.பி.சி., அடுத்த ஆண்டிலே தன் ஒலிபரப்பு நிலையத்தை தேம்ஸ் நதிக்கரையிலுள்ள சவோய் ஹில்லில் அமைத்துக்கொண்டது. அதற்குப் பக்கத்துக் கட்டடம் சவோய் ஹோட்டல். அங்கே செல்வந்தர்கள் இரவு உணவுக்குப் பின் ஆடுவதற்கு வாத்தியக் குழுக்கள் இருந்தன. 1923இலிருந்து அக்குழுக்களின் இசை வானொலியில் செல்லத் தொடங்கியது. அதுவரை ஓர் இரவில் சில நூறு பேர் கேட்ட இசையை இப்பொழுது நாடெங்கும் கேட்டனர். சுரங்கத் தொழிலாளியின் குடும்பமும் மாலையுடை அணிந்த பிரபுவின் குடும்பமும் ஒரே வேளையில் ஒரே பாட்டைக் கேட்கும் நிலை அந்நாட்டில் அதற்கு முன் ஏற்பட்டதில்லை. 1925இல் மின்வழி ஒலிப்பதிவு வந்து சேர்ந்தது. ஒலிவாங்கியின் முன்னே உரக்கப் பாட வேண்டிய தேவை நீங்கிற்று. காதருகே பேசுவதுபோலப் பாடும் முறை பிறந்தது. ஹோட்டல், வானொலி, இசைத்தட்டு என்னும் இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்த்தன. மூன்றுக்கும் பொதுவான முத்திரை வாத்தியக்குழுத் தலைவரின் பெயரே.

அப்பெயர் பணமாக மாறும் விதமும் கவனிக்கத்தக்கது. ஒரு பாட்டு வானொலியிலே இரண்டு இரவுகள் ஒலித்தால் அதன் அச்சுப்பிரதி விற்பனையாகும். எனவே பாட்டு வெளியீட்டாளர்கள் குழுத் தலைவர்களைச் சுற்றி வந்தனர். தம் பாட்டை வாசிப்பதற்கு இரகசியமாகப் பணமும் கொடுத்தனர். பி.பி.சி. இதனைத் தடுக்கப் பல வழிகளிலும் முயன்று பெரும்பாலும் தோற்றது. பகலிலே ஒலிப்பதிவுக் கூடம், இரவிலே ஹோட்டல், இடையிலே வானொலி என்று குழுவினர் உழைத்தனர். தலைவர் ஒப்பந்தங்களிற் கையொப்பமிட்டார்.

இவர்களுள் வணிகத் திறமையால் முதலிடம் பெற்றவர் ஜக் ஹில்ரன். லங்கசயரின் போல்ரன் நகருக்கு அருகே 1892இற் பிறந்தவர். ஐரோப்பா முழுவதும் தம் குழுவைக் கொண்டு சுற்றிய ஹில்ரனின் இசையில் ஒழுங்கும் பளபளப்பும் மிகுதி, எதிர்பாராதது குறைவு. 1933இல் டியூக் எலிங்ரனின் குழுவைப் பிரித்தானியாவுக்கு வருவித்ததே அவர் அந்நாட்டு இசைக்குச் செய்த பெருந்தொண்டு என்று கூறினால் அது குறைத்துப் பேசுவதாகாது. தம்மிலும் சிறந்ததை அடையாளங் கண்டு தம் செலவிலே மேடையேற்றுவது எல்லாத் தலைவர்க்கும் இயல்வதன்று.

பி.பி.சி. தனக்கெனவே நடன வாத்தியக்குழு ஒன்றை 1928இல் ஜக் பெய்னின் தலைமையில் அமைத்தது. 1932இல் அப்பதவி ஹென்றி ஹோலுக்குச் சென்றது. இரட்சணிய சேனைச் சூழலிலே வளர்ந்து, புகையிரதக் கம்பனியின் ஹோட்டல்களில் இசைப் பொறுப்பு வகித்த ஹோல் அடக்கமான மனிதர். வயிறு குலுங்கச் சிரிக்கவோ கண்கலங்கவோ வைக்காத, எந்த வீட்டின் வரவேற்பறைக்கும் கூச்சமின்றி நுழையக்கூடிய இசை அவருடையது. 1932இல் அவர் குழு பதிவு செய்த ‘கரடிப் பொம்மைகளின் வனபோசனம்’ என்ற சிறுவர் பாட்டின் தட்டை, அதன் ஒலித்தெளிவு கருதி, பி.பி.சி. பொறியியலாளர் பல ஆண்டுகளாகத் தம் கருவிகளைச் சோதிக்கப் பயன்படுத்தினர். புகழ் எவ்வெவ் வாயில்களால் வந்து சேரும் என்பதை யார் அறிவார்!

ஆங்கிலேய உயர்குடியினரை இரவிரவாக ஆட்டுவித்த இத்தலைவர்களிற் பலர் அக்குடியினரின் வீட்டு முன்வாயிலால் நுழையத் தக்கவராய்ப் பிறந்தவர் அல்லர். மேஃபெயார் ஹோட்டலில் 1927 முதல் ஆட்சி செலுத்திய பேர்ட் அம்புறோஸ், ரஷியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த போலந்திலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, சிறுவனாக இலண்டனின் கிழக்குப் பகுதிக்கு வந்தவர். ஜோ லொஸ், லூ ஸ்ரோன், ஹரி றோய் ஆகியோரும் யூதக் குடியேறிகளின் வழிவந்தோரே. ஜெரல்ட் பிறைற் என்னும் இலண்டன் யூத இளைஞர் ‘ஜெரால்டோ’ என்ற ஸ்பானியச் சாயல் கொண்ட பெயரைச் சூடி, டாங்கோ இசைக்குழுவின் தலைவராகச் சவோயில் தோன்றினார். ஹரி றோய் 1935இல் சரவாக் நாட்டை ஆண்ட வெள்ளை இராசாவின் மகளையே மணம்புரிந்தார். பெயர் என்பது இவர்களுக்குப் பிறப்பினால் வாய்த்ததன்று. கடையின் முகப்புப் பலகைபோல வரைந்து தொங்கவிடப்பட்டது. தட்டின் நடுவிலே பெயர் அச்சாவதற்கு இவர்கள் ஏன் அத்துணை மதிப்பளித்தனர் என்பது இங்கே ஓரளவு விளங்குகிறது.

இசையறிவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளின் இத்தலைவர்களுள் றே நோபிளுக்கு ஈடானோர் சிலரே. 1903இல் பிறைற்றனிற் பிறந்த இவர் எச்.எம்.வி. கம்பனியின் இசை ஒழுங்கமைப்பாளராகப் பணியாற்றினார். அவர் தலைமையில் வெளிவந்த தட்டுகளை வாசித்த குழுவுக்கு மேடையும் இல்லை, ஹோட்டலும் இல்லை. பிற தலைவர்களின் குழுக்களிலிருந்து சிறந்தவர்களைப் பகலிலே அழைத்துவந்து, பதிவு முடிந்ததும் அனுப்பிவிடுவார். காற்றிலே இருந்த அக்குழுவின் இசைதான் இக்காலப் பிரித்தானிய நடன இசையுள் இன்றும் மூப்படையாதிருப்பது. அவர் இயற்றிய பாட்டுகளும் அவ்வாறே. 1938இல் அவர் எழுதிய ‘செறோக்கி’ என்னும் மெட்டின் சுர அடுக்கின்மேல் சார்லி பார்க்கர் 1945இல் ‘கோ-கோ’வைக் கட்டினார். ஹோட்டல் நடனத்துக்கு எழுதப்பட்ட மெட்டு, நடனத்துக்கே முதுகு காட்டிய புதிய ஜாஸ் இசையின் அத்திவாரக் கல்லாயிற்று.

நோபிளின் தட்டுகளில் ‘பாடற் பகுதியுடன்’ என்ற அச்சிட்ட வரிக்குப் பின்னே நின்றவர் அல் போல்லி. மொசாம்பிக்கிலே கிரேக்கத் தந்தைக்கும் லெபனானியத் தாய்க்கும் பிறந்து, ஜொகன்னஸ்பேர்க்கிலே வளர்ந்து, முடிதிருத்தும் தொழில் பயின்றவர். ஊர்சுற்றும் குழு ஒன்றுடன் புறப்பட்டு, கல்கத்தாவிலும் சிங்கப்பூரிலும் ஹோட்டல் மேடைகளிலே கிற்றாரும் பான்ஜோவும் மீட்டிப் பாடி, பேர்லின் வழியாக 1928இல் இலண்டன் வந்து சேர்ந்தார். அவரை அழைத்தவர் பிரெட் எலிசால்டே. மணிலாவிற் பிறந்து கேம்பிறிட்ஜிற் படித்து சவோயில் குழு நடத்தியவர். பேரரசின் தலைநகரிலே பிரித்தானிய இசையென ஒலித்தது எத்தனை துறைமுகங்களின் கலவை என்பதற்கு இவ்விருவரின் சந்திப்பே சான்றாகும்.

1934இல் நோபிள் அமெரிக்கா சென்றபொழுது அந்நாட்டு இசைஞர் சங்கம் அவருடைய குழுவை உள்ளே வர அனுமதிக்கவில்லை. போல்லியையும் முழவு வாசித்த பில் ஹார்ற்றியையும் மட்டுமே அவர் உடனழைத்துச் செல்ல முடிந்தது. நியூயோர்க்கில் அவருக்கு ஒரு புதிய குழுவைத் திரட்டிக் கொடுத்தவர் அப்பொழுது அத்துணைப் பெயர் பெறாதிருந்த கிளென் மில்லர். ஹில்ரனுக்கும் அடுத்த ஆண்டில் இதே கதவடைப்பு நேர்ந்தது. இலண்டனும் வாளாவிருக்கவில்லை. 1935 முதல் பிரித்தானியத் தொழிலமைச்சு, உள்ளூர் இசைஞர் சங்கத்தின் வற்புறுத்தலோடு, அமெரிக்க வாத்தியக் குழுக்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்க மறுத்தது. அத்தடை 1956 வரை, இருபத்தோராண்டுகள் நீடித்தது. வேலை இழக்கும் அச்சத்தினால் எழுந்த இத்தடையை முற்றாகப் பழித்தல் முறையன்று; பேசும் படங்கள் வந்தபின் திரையரங்க வாத்தியகாரர் பலர் தெருவில் நின்ற காலம் அது. எனினும் அதன் விளைவு கொடியது. ஆம்ஸ்ரோங்கை 1932இலும் எலிங்ரனை 1933இலும் நேரிற் கண்டு மயங்கிய பிரித்தானிய இளைஞர் தலைமுறை, அதன்பின் சுவிங் இசையைத் தட்டுகளிலிருந்தே கற்க வேண்டியதாயிற்று. குருவைக் காணாமல் குருவின் குரலை மட்டும் கேட்டுப் பாடம் பயின்றதற்கு ஒப்பானது அது.

இத்தடைக்குள் ஒரு சந்து இருந்தது. அமெரிக்கக் கறுப்பர் அந்நியர். அவர்கள் வர இயலாது. மேற்கிந்தியக் கறுப்பரோ பிரித்தானியப் பிரசைகள். அவர்களுக்கு எவருடைய அனுமதிப் பத்திரமும் தேவையில்லை. கறுப்பு இசைஞர் வாசிக்கும் சுவிங்கைக் கேட்க இலண்டன் ஏங்கியது. கரிபியனில் இருந்தும் கார்டிஃபின் துறைமுகச் சேரிகளிலிருந்தும் வந்த கறுப்பு இசைஞர் ஆங்காங்கே சிதறி வேலை தேடிக் கொண்டிருந்தனர். இவ்விரண்டையும் ஒருசேர நோக்கியவர் லெஸ்லி தொம்சன்.

தொம்சன் ஜமேக்காவின் கிங்ஸ்ரனிலே அல்பா பாடசாலையின் வாத்தியக் குழுவிற் பழகி, மேற்கிந்தியப் படையணியின் இசைப்பிரிவிற் சேர்ந்து, இங்கிலாந்தின் இராணுவ இசைக் கல்லூரியான நெலர் ஹோலிலும் பயிற்சி பெற்றவர். 1929இல் இலண்டனிற் குடியேறி நாடகக் கொட்டகைகளில் ட்ரம்பெற் வாசித்துப் பிழைத்தார். 1934இல் ஆம்ஸ்ரோங் ஐரோப்பாவிற் சுற்றியபொழுது அவருடைய குழுவிலும் வாசித்தார். முழுவதும் கறுப்பராலான ஒரு பெரிய குழுவை இலண்டனிலே கட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். வாத்தியகாரரைத் தேடித் திரட்டி, தாள்களைக் கொடுத்து, ஒத்திகை பார்த்து, ஒரே மூச்சில் ஊதப் பழக்கினார். அவரிடம் இல்லாதது ஒன்றே. மேடை முன்னே நின்று சபையை வசப்படுத்தும் தோற்றம் தமக்கு இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அதற்காக ஒருவரைத் தேடினார். அவ்வாறு வந்தவரே கென் ஜோன்சன்.

ஜோன்சன் பிரித்தானிய கயானாவின் ஜோர்ஜ்ரவுனில் 1914 செப்ரெம்பர் 10ஆந் திகதி பிறந்தவர். தந்தையார் மருத்துவர். மகனும் அவ்வாறானதொரு கௌரவமான தொழிலுக்கு வருவான் என்ற நம்பிக்கையோடு இங்கிலாந்தின் மார்லோ நகரப் பாடசாலைக்கு அவரை அனுப்பினர். பையனின் மனம் ஆட்டத்திலே சென்றது. இலண்டனில் வாழ்ந்த அமெரிக்க நடன ஆசிரியர் படி பிறட்லியிடம் பாடங் கேட்டு, ஹார்லெம் சென்று அங்குள்ள அரங்குகளில் குழுத் தலைவர்கள் நிற்கும் தோரணையையும் நேரிற் கண்டு திரும்பினார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம். கொடிபோல் அசையும் உடல். ‘பாம்பிடுப்பு’ என்பது அவருக்கு வழங்கிய பட்டப்பெயர். பள்ளியிலே வயலின் பழகியதன்றி இசைக்கருவி எதனையும் அவர் தொழிலாகக் கொண்டிலர். கையிலே வழக்கத்திலும் நீண்ட ஒரு கோலைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

1936இல் குழு தொடங்கிற்று. 1937இல் உடைந்தது. தொம்சன் பின்னாளில் எடுத்துரைத்த வரலாற்றின்படி, அவர் அறியாதவாறு முகாமையாளரும் ஜோன்சனும் செய்துகொண்ட ஒப்பந்தத்தினால் குழுவின் உரிமை அவ்விருவர் கைக்குச் சென்றது. தொம்சன் வெளியேறினார், சிலர் உடன் சென்றனர். தாம் தேடிப் பிடித்து முன்னே நிறுத்திய ஆட்டக்காரனே குழுவுக்கு உடையவனாகி, தாம் பழக்கிய இசை அவன் பெயரில் வழங்கும் நிலையை அவர் பார்க்க நேர்ந்தது.

இங்கே ஜோன்சனை வெறும் வஞ்சகராகக் காட்டி முடித்துவிடுவது எளிது. அது பொருந்தாது. ஏனெனில், தொம்சன் போனபின் குழு சீரழிந்திருக்க வேண்டும், சீரழியவில்லை. ஜோன்சன் கரிபியனில் இருந்து நால்வரை வருவித்தார்: கிளாரினெற் வல்லுநர் கார்ல் பரிற்றோ, சக்ஸபோன் வாசித்த டேவ் வில்லியம்ஸ், ஜோர்ஜ் றொபேர்ட்ஸ், ட்ரம்பெற் வாசித்த டேவ் வில்கின்ஸ். கார்டிஃபிற் பிறந்த கேப் வேர்டிய மரபினரான ஜோ டெனிஸ் கிற்றார் மீட்டினார். 1938 முதல் பி.பி.சி.யில் அக்குழு ஒலித்தது. டெக்காவுக்கும் எச்.எம்.வி.க்கும் அவர்கள் பதிவு செய்த தட்டுகள் மிகச் சிலவே. அவற்றைக் கேட்போர்க்கு ஒன்று தெளிவாகும்: பிற இலண்டன் குழுக்கள் கவனமாக எடுத்து வைத்த தாளத்தை இவர்கள் இயல்பாக உள்ளேயிருந்து விட்டார்கள். இலண்டனில் அன்று அசல் சுவிங் வாசித்த பெருங்குழு இதுவே என்பார் கூற்றை மறுத்தல் அரிது. ஒரு சுரமும் வாசியாத ஒருவர், வாசிக்கத் தெரிந்தோரைத் தெரிந்தெடுக்கவும் ஒன்றாக வைத்திருக்கவும் அறிந்திருந்தார். இது தலைமையா, தந்திரமா? இரண்டும் என்பதே நேர்மையான விடையாகத் தோன்றுகிறது.

1939இன் இறுதியில் அக்குழு லெஸ்ரர் சதுக்கத்துக்கு அருகே கொவென்றி வீதியிலிருந்த கஃபே டி பாரி என்னும் உணவகத்தில் நிலைபெற்றது. வீதி மட்டத்துக்கு மிகக் கீழே, படிகளால் இறங்கிச் செல்லும் நடன மண்டபம் அது. போர் தொடங்கியிருந்தது. தலைக்குமேல் றியால்ரோ திரையரங்கின் கட்டடம் முழுவதும் இருக்கையில் குண்டு எவ்வாறு வந்து சேரும் என்று எண்ணிய உரிமையாளர் மார்ட்டின் போல்சன், நகரின் மிகப் பாதுகாப்பான உணவகம் இதுவே என விளம்பரஞ் செய்தார். குண்டுவீச்சு நடந்த மாதங்களில் இலண்டனின் இளைஞர், விடுமுறையில் வந்த படைவீரர், புதிதாய் மணமானோர் எல்லோரும் அங்கே இறங்கினர். நிறத்தின் காரணமாகப் பல விடுதிகளில் அறை பெற இயலாத மனிதர் வாசிக்க, அவர்கள் ஆடினர்.

1941 மார்ச் 8, சனிக்கிழமை. குண்டுவீச்சு மும்முரமாயிருந்தது. வாகனம் கிடையாமையால் இருளடைந்த வீதிகளினூடே ஜோன்சன் ஓடிவந்தே கடமைக்குச் சேர்ந்தார் என்பர். குழு வாசிக்கத் தொடங்கிச் சில நிமிடங்களே கழிந்திருந்தன. இரவு பத்து மணிக்குச் சற்று முன்னதாக இரண்டு குண்டுகள் திரையரங்கின் கட்டடத்தைத் துளைத்துக் கீழிறங்கின. அவற்றுள் ஒன்று வாத்திய மேடைக்கு முன்னே வெடித்தது. ஆகக் குறைந்தது முப்பத்துநால்வர் மாண்டனர். ஜோன்சன் அவர்களுள் ஒருவர். அவருக்கு இருபத்தாறு வயது. திரினிடாட்டிலிருந்து வந்த டேவ் வில்லியம்சும் இறந்தார். மிகப் பாதுகாப்பான இடம் என்று விளம்பரஞ் செய்த போல்சனும் அங்கேயே மடிந்தார். ஜோ டெனிஸ் காயங்களுடன் தப்பினார். இருளிலே இறந்தோரின் மோதிரங்களையும் கைப்பைகளையும் திருடிய கயவரும் அன்று உள்ளே புகுந்தனர் என்பது அந்நாளையப் பதிவுகளில் உண்டு.

ஜோன்சனின் சாம்பல் அவர் படித்த மார்லோப் பாடசாலையின் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டது. குழு அத்துடன் முடிந்தது. ஒருவர் இறக்க ஒரு குழு முழுவதும் கலைந்துபோவது, அவர் அலங்காரப் பொம்மை அல்லர் என்பதற்குச் சான்றாகாதா என்று கேட்கலாம். ஆகலாம். ஆயின் இன்னொரு பக்கமும் உண்டு. எஞ்சியோர் வெறுமனே இருந்திலர். வெள்ளை இசைஞர் படைக்கு அழைக்கப்பட்டமையால் இடங்கள் காலியாகியிருந்தன. முன்னர் கறுப்பரை ஏற்காத குழுக்கள் இப்பொழுது ஜோன்சனின் ஆட்களைத் தேடிச் சேர்த்தன. பரிற்றோ பின்னர் தாமே ஒரு குழுவுக்குத் தலைவரானார். சுவிங்கை உள்ளேயிருந்து அறிந்தோர் பிற குழுக்களினுள்ளே பரவினர்.

ஐந்து வாரங்களும் சில நாட்களும் சென்றன. ஏப்பிரல் 16ஆந் திகதி மாலை அல் போல்லி ஹை விக்கம் நகரின் திரையரங்கு ஒன்றிலே தம் நண்பர் ஜிமி மெசீனுடன் பாடினார். அமெரிக்காவிலிருந்து 1937இல் திரும்பிய பின் அவருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. இரண்டு கிற்றார்களோடு ஊரூராகச் சென்று பாடிவந்தார். இரவு தங்குமாறு சொல்லப்பட்டும் கேளாது, கடைசிப் புகையிரதத்தில் இலண்டனுக்குத் திரும்பி உறங்கினார். 17ஆந் திகதி அதிகாலையில் அவர் குடியிருந்த கட்டடத்துக்கு வெளியே பரசூட்டில் இறங்கிய கண்ணிவெடி வெடித்தது. அவ்விரவில் மாண்ட ஏனையோருடன் பொதுப் புதைகுழி ஒன்றிலே அவர் அடக்கம் செய்யப்பட்டார். தட்டுகளிற் பல ஆண்டுகள் பெயரின்றி இருந்தவருக்குப் புதைகுழியும் தனியாக வாய்க்கவில்லை.

போர்க்காலம் இன்னொருவரையும் மேடையின் முன்னே கொணர்ந்தது. லீட்ஸ் நகரத்து ஐவி பென்சன், ஆடவர் படைக்குச் சென்ற வேளையில் முழுவதும் பெண்களாலான வாத்தியக் குழுவை நடத்தினார். 1943இல் பி.பி.சி. அக்குழுவைத் தன் நிலையக் குழுக்களுள் ஒன்றாக நியமித்தபொழுது, ஆண் தலைவர் பலர் வெகுண்டு முறையிட்டனர். இசைக்குறை எதையும் அவர்களால் சுட்ட முடிந்ததாகத் தெரியவில்லை. பெண்கள் என்பதே குறையாயிருந்தது. பென்சனின் துன்பம் வேறு வகையானது. அவர் அரும்பாடுபட்டுப் பழக்கிய பெண்களைப் பிற குழுக்கள் கவர்ந்தன. அமெரிக்கப் படைவீரர் மணந்து கொண்டு சென்றனர். மீண்டும் மீண்டும் புதியவர்களைப் பழக்கினார். 1980கள் வரை குழு நடத்தினார். மற்றைய தலைவர்கள் பற்றி எழுதுவோர் அவருக்கு ஒரு பந்தியோடு அமைந்துவிடுகின்றனர். இக்கட்டுரையும் அதற்கு விலக்கன்று.

போருக்குப் பின் இவ்வுலகம் வெகு விரைவில் மறைந்தது. பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊரூராகக் கொண்டு செல்வது கட்டுபடியாகவில்லை. பாடகர் முன்னே வந்தார். குழு பின்னே போயிற்று. ஹில்ரன் நாடகத் தயாரிப்பாளரானார். ஜெரால்டோ அத்திலாந்திக் கப்பல்களுக்கு வாத்தியகாரரை அனுப்பும் முகவரானார். அக்கப்பல்களில் வேலை ஏற்ற இளைஞர் நியூயோர்க் துறையில் இறங்கி, தடை செய்யப்பட்ட இசையை நேரிற் கேட்டுத் திரும்பினர் என்பது அவர் நோக்கியிராத நற்பயன். ரெட் ஹீத் ஒருவரே போருக்குப் பின் தொடங்கிப் பெருங்குழுவை உயர்ந்த தரத்தில் நடத்தினார். 1956இல் தடை தளர்ந்தபொழுது அமெரிக்கா சென்ற பிரித்தானியக் குழு அவருடையதே. அம்புறோஸ் 1971இல் லீட்சிலே தொலைக்காட்சி நிலையமொன்றில் மயங்கி வீழ்ந்து இறந்தார். கஃபே டி பாரி 1948இல் மீளத் திறக்கப்பட்டு 2020இல் மூடப்பட்டது.

தட்டுகள் எஞ்சின. 1978இல் டெனிஸ் பொற்றர் எழுதிய தொலைக்காட்சித் தொடரும், 1980இல் ஸ்ரான்லி கியூப்றிக் எடுத்த ‘த ஷைனிங்’ திரைப்படமும் அவற்றைப் புதிய செவிகளுக்குக் கொண்டு சென்றன. அப்படத்தின் முடிவில் ஒலிப்பது நோபிளின் குழு, குரல் போல்லியுடையது. இன்று அத்தட்டுகளைத் தேடுவோரிற் பலர் போல்லியின் பெயராலேயே தேடுகின்றனர். முகப்பில் இருந்த நோபிள் துணைக்குறிப்பாகவும், துணைக்குறிப்பிலும் இல்லாதிருந்தவர் முகப்பாகவும் மாறிவிட்டனர். 2013இல் போல்லி முன்பு குடியிருந்த சாரிங் குறொஸ் வீதிக் கட்டடத்திலே அவர் பெயரால் நீல நினைவுப் பலகையும் பதிக்கப்பட்டது. காலம் கணக்கைத் திருத்திவிட்டது என்று மகிழலாம். ஆயின் பக்கத்தில் நின்று சக்ஸபோன் ஊதியவர்கள் அப்பொழுதும் எங்கும் இல்லை, இப்பொழுதும் இல்லை.

லெஸ்லி தொம்சன் 1942இல் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். குண்டு விழுந்த இரவில் அவருடைய பழைய குழுவின் மேடையில் அவர் இல்லை. குழுவைப் பறிகொடுத்ததனால் உயிர் தப்பினார் என்று எவரேனும் சொன்னால், அதனைக் கேட்டு அவர் ஆறுதல் அடைந்திருப்பார் எனத் தோன்றவில்லை. பின்னர் ட்ரம்பெற்றைக் கீழே வைத்து, சிறையிலிருந்து மீண்டோரின் நலன்பேணும் பணிக்குச் சென்றார். ஜோன்சனின் தட்டுகள் எதிலும் அவர் பெயர் இல்லை. முதுமையிலே, வரலாற்றாய்வாளர் ஜெஃப்றி கிறீன் அவரை அணுகி, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொண்டார். 1985இல், அவர் இறப்பதற்கு ஈராண்டுகள் முன்னர், அச்சுயசரிதை நூலாக வெளிவந்தது. அதன் அட்டையிலே தலைப்பாக அச்சிடப்பட்டிருந்தது ‘லெஸ்லி தொம்சன்’ என்ற பெயர்.